பிழைக்கவா, துணை தேடவா? இயற்கைத் தேர்வையும் பாலினத் தேர்வையும் பிரித்தறிய ஒரு களவழிகாட்டி

கடலூர், புதுச்சேரிப் பகுதியில் உயிரியல் படிக்கும் மாணவர்களும், விடியலில் ஊசுட்டேரிக்குப் பறவை பார்க்கக் கிளம்பும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "இந்தப் பண்பு இயற்கைத் தேர்வால் வந்ததா, பாலினத் தேர்வால் வந்ததா?" தேர்வுத்தாளில் இதற்கு இரண்டு மதிப்பெண் விடை எழுதிவிடலாம். களத்தில் அது போதாது. ஒரே உறுப்பில் இரண்டும் சேர்ந்து, பல நேரம் எதிரெதிராக, வேலை செய்திருக்கும். எனவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்கச் சொல்வேன்: இந்தப் பண்பைத் தேர்ந்தெடுப்பவர் யார்? வறட்சியும் பசியும் பருந்துமா? அதே இனத்து எதிராளியா? துணை தேடி வந்திருக்கும் பெண்ணா? இதற்கு விடை தேடப் பழகிவிட்டால் மற்றவை தாமாக விளங்கத் தொடங்கும்.

முதல் படி: அடிப்படையை உறுதி செய்துகொள்ளுங்கள்

இயற்கைத் தேர்வு நடக்க மூன்று வேண்டும். ஓர் இனத்துக்குள் உயிரிக்கு உயிரி வேறுபாடு இருக்க வேண்டும். அந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்ல வேண்டும். அதன் காரணமாகச் சிலவற்றுக்குச் சந்ததி கூடியும் சிலவற்றுக்குக் குறைந்தும் போக வேண்டும்.

கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாப்னி மேஜர் என்ற சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் பல பத்தாண்டுகள் குருவிகளை அளந்தார்கள். 1977-இல் அங்கே கடும் வறட்சி. சிறிய, மெல்லிய விதைகள் தீர்ந்துபோய், உடைக்கக் கடினமான பெரிய விதைகளே மிஞ்சின. தடித்த அலகு கொண்ட குருவிகள் அதிகம் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளுக்கும் அலகு தடித்தே இருந்தது. இங்கே தேர்ந்தெடுத்தது வறட்சி. அதில் குழப்பத்துக்கு இடமில்லை.

டார்வினைத் தடுமாற வைத்தது வேறு வகைப் பண்பு. மயில் தோகையைப் பார்த்தாலே எனக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது என்ற பொருளில் 1860-இல் அவர் தாவரவியலாளர் ஏசா கிரேக்குக் கடிதம் எழுதினார். பறக்க இடைஞ்சலான, இரைகொல்லியின் கண்ணில் எளிதில் படக்கூடிய ஒரு சுமை எப்படித் தலைமுறை தாண்டி நிலைக்கிறது? 1859-இல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' என்ற தன் நூலிலேயே இதற்குச் சுருக்கமாக விடை சொல்லியிருந்தார். 1871-இல் அதற்கென்றே விரிவாக எழுதினார். நீண்ட நாள் வாழ்வது ஒரு வெற்றி என்றால், துணையை அடைவது இன்னொரு வெற்றி. துணைக்கான போட்டியில் சிலவற்றுக்குச் சந்ததி கூடுவதே பாலினத் தேர்வு.

அதற்கு இரண்டு பாதைகள். ஒன்று, ஆண்கள் தங்களுக்குள் மோதிக்கொள்வது; கோடியக்கரையில் திரியும் வெளிமானில் கிடாவுக்கு இருக்கும் திருகு கொம்பு இந்த வழியில் வந்தது. மற்றது, பெண் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. முதல் பாதையை டார்வின் காலத்து அறிஞர்கள் எளிதாக ஏற்றார்கள். இரண்டாவதை ஏற்க மறுத்தார்கள். இயற்கைத் தேர்வை டார்வினோடு சேர்ந்து கண்டறிந்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸே, பெண் பறவைக்கு அவ்வளவு நுண்ணிய ரசனை இருக்க முடியாது என்று வாதிட்டார். அந்த மறுப்பால் பெண்ணின் தேர்வு என்ற ஆய்வுத் துறையே ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பின்தங்கியது. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பகுதி இது.

இன்று பலர் பாலினத் தேர்வை இயற்கைத் தேர்வின் ஒரு கிளையாகவே கருதுகிறார்கள். இரண்டின் கணக்கும் கடைசியில் சந்ததி எண்ணிக்கையில்தான் முடிகிறது என்பதால் அதில் தவறில்லை. ஆனால் களத்தில் பிரித்துப் பார்ப்பதால் கிடைக்கும் தெளிவு மிகப் பெரியது.

இரண்டாம் படி: யாரிடம் இருக்கிறது, எப்போது தோன்றுகிறது?

ஒரு பண்பு ஆண், பெண் இரண்டுக்கும் சமமாகவும், குஞ்சுப் பருவம் முதலும், ஆண்டு முழுவதும் இருந்தால் பெரும்பாலும் பிழைப்புக்கானது. ஒரு பாலுக்கு மட்டும், பருவமடைந்த பிறகு, அதிலும் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் தோன்றினால் பாலினத் தேர்வைச் சந்தேகிக்கலாம்.

வேலியில் ஏறி நிற்கும் ஓணானைப் பாருங்கள். மற்ற நாட்களில் சருகின் நிறம். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தொண்டையும் சிவந்துவிடும். முன்கால்களை ஊன்றி உடலை ஏற்றி இறக்கித் தன் இடத்தை அறிவிக்கும். ஊதாத் தேன்சிட்டு ஆண் மினுமினுக்கும் கருநீலத்தை இனப்பெருக்கம் முடிந்ததும் களைந்துவிட்டு, நெஞ்சில் ஒரு கருங்கோட்டைத் தவிரப் பெண்ணைப் போலவே மாறிவிடும். மயிலும் தன் தோகையை ஆண்டுதோறும் உதிர்க்கிறது. தேவை முடிந்ததும் கழற்றி வைக்கப்படும் பண்பு, அதைச் சுமப்பது செலவு மிக்கது என்று தானே வாக்குமூலம் தருகிறது.

தேவனாம்பட்டினம் முதல் தெற்கே நீளும் கடற்கரையில் தை, மாசி, பங்குனியில் முட்டையிட வரும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் அனைத்தும் பெண்கள். ஆண் கரையேறுவது மிக அரிது. கரை ஒதுங்கிய ஆமையைக் காண நேர்ந்தால் வாலைக் கவனியுங்கள். வளர்ந்த ஆணுக்கு ஓட்டைத் தாண்டி நீளும் தடித்த வால் இருக்கும். முன்துடுப்பில் வளைந்த நகமும் இருக்கும். அலையில் மிதந்தபடி பெண்ணின் ஓட்டைப் பற்றிக்கொள்ள அந்த நகம் உதவுகிறது.

மூன்றாம் படி: அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்

ஆணும் பெண்ணும் வேறுபட்டிருந்தாலே பாலினத் தேர்வு என்று எழுதிவிடுவது மாணவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு. சரிபார்க்கச் சில எளிய எடுத்துக்காட்டுகள் நம் வீட்டிலும் தோட்டத்திலுமே உண்டு.

கொசுவில் பெண்ணுக்குத்தான் தோலைத் துளைக்கும் வாயுறுப்பு. முட்டை வளர்க்க இரத்தப் புரதம் தேவை என்பதால் அது உணவு சார்ந்த வேறுபாடு. இங்கே பாலினத் தேர்வுக்கு வேலையில்லை. அதே கொசுவில் ஆணின் உணர்கொம்பு இறகு போலக் கிளைத்திருக்கும். பெண்ணின் சிறகொலியைக் கேட்டு, மற்ற ஆண்களுக்கு முந்திச் சென்று சேர அது உதவுகிறது. அங்கே பாலினத் தேர்வு நுழைந்துவிட்டது. ஒரே பூச்சி, இரண்டு வேறுபாடுகள், இரண்டு காரணங்கள்.

தோப்புகளில் பெரிய வலை கட்டும் சிலந்தியில் பெண் உள்ளங்கை அளவு இருக்கும். வலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆண் அதில் சிறு துணுக்கு. பெரிய பெண்ணால் அதிக முட்டையிட முடியும் என்பதே அவள் உருவத்துக்கு முதன்மையான காரணம்.

குயில் இன்னும் சுவையானது. நாள் முழுக்கக் கூவும் கரிய பறவை ஆண். பெண் பழுப்பில் வெண்புள்ளிகளோடு இலைகளுக்குள் மறைந்திருக்கும். ஆணின் கருமைக்குப் பெண்ணின் விருப்பம் காரணமாக இருக்கலாம். ஆனால் பெண்ணின் புள்ளிக்கோலத்துக்கு வேறு வேலை உண்டு. அவள் காகத்தின் கூட்டுக்குள் திருட்டுத்தனமாக முட்டையிட வேண்டும். ஆண் காகங்களைச் சீண்டித் தன் பின்னே இழுத்துச் செல்லும்போது, கண்ணில் படாமல் இருப்பது அவளுக்கு வாழ்வா சாவா என்ற விஷயம். அழகான பாலின் நிறத்துக்கு மட்டும் விளக்கம் தேடும் பழக்கத்தை விடுங்கள். மங்கிய நிறமும் தேர்வின் விளைவுதான்.

நான்காம் படி: யார் பார்க்கிறார்கள் என்று பாருங்கள்

இந்தப் படிக்கு நம் மாவட்டத்தில் பிச்சாவரத்தை விடச் சிறந்த இடம் கிடையாது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்த சுரபுன்னைக் காடு. அருகே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் இருக்கிறது.

தண்ணீர் வற்றிய நேரத்தில் சேற்றுத் திட்டின் ஓரம் அசையாமல் உட்காருங்கள். உங்கள் நிழல் விழுந்ததும் வளைக்குள் ஓடிய சிறு நண்டுகள் சிறிது நேரத்தில் ஒவ்வொன்றாக வெளியே வரும். பிடில் நண்டு என்பது இவற்றின் பொதுப்பெயர். பெண்ணுக்கு இரண்டு சிறிய கொடுக்குகள். இரண்டாலும் மாறி மாறிச் சேற்றை அள்ளி வாயில் வைத்து, உண்ணத்தக்கதைச் சலித்துக்கொண்டு, மீதியை உருண்டையாகக் கீழே வைத்தபடி நகரும். ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டுமே அந்த வேலைக்கு. மற்றொன்று உடம்புக்குப் பொருந்தாத அளவில் பருத்திருக்கும். சில இனங்களில் உடல் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் வரை அந்த ஒற்றைக் கொடுக்கே. அதைக் கொண்டு ஒரு பிடி சேற்றைக்கூட அள்ள முடியாது. பசி என்ற நீதிபதியிடம் கேட்டால் இந்தக் கொடுக்கு என்றைக்கோ மறைந்திருக்க வேண்டும்.

இப்போது அந்தக் கொடுக்கு எப்போது அசைகிறது, யாரை நோக்கி அசைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெண் ஒன்று அருகே வந்தால் ஆண்கள் கொடுக்கை உயர்த்தி இறக்கும் வேகம் கூடும். பல இனங்களில் பெண் பல ஆண்களின் வளைகளைப் பார்த்த பிறகே ஒன்றில் தங்குவாள். முட்டைகளைச் சுமக்கும் காலத்தை அந்த வளைக்குள் கழிக்க வேண்டும் என்பதால் வளையின் தரமும் அவளுக்கு முக்கியம். வேறோர் ஆண் வளையைப் பிடிக்க வந்தால் அதே கொடுக்கு ஆயுதமாகும். இரண்டும் கோத்துத் தள்ளிக்கொள்ளும். ஆகப் பார்ப்பவர் இருவர்: பெண்ணும் எதிராளியும். எதிரில் யார் நிற்கிறார் என்று குறிக்காமல் வெறுமனே "அசைத்தது" என்று எழுதினால் அந்தக் குறிப்பால் பயனில்லை.

இதில் ஒரு மோசடியும் நடக்கிறது. சண்டையில் பெருங்கொடுக்கை இழந்த ஆணுக்கு அது மீண்டும் வளரும். சில இனங்களில் புதிதாக வளர்வது நீளத்தில் குறையாது. ஆனால் எடையும் பிடிவலுவும் குறைவு. ஆட்டிக் காட்டும்போது பெண்ணும் எதிராளியும் வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை என்று பாட்ரிஷியா பாக்வெலும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்டார்கள். கைகலப்பில்தான் பலவீனம் வெளிப்படும். துணையை ஈர்க்கும் அடையாளங்கள் எல்லாம் வலிமையின் நேர்மையான சான்று என்று எண்ணுபவர்கள் இந்த நண்டை மறக்கக் கூடாது.

ஐந்தாம் படி: பிழைப்பும் விருப்பமும் கைகோக்கும் இடங்களைக் கண்டுகொள்ளுங்கள்

பாகூர் ஏரி பாசன வயல்களைச் சுற்றிப் பனையிலும், கிணற்றின் மேல் சாய்ந்த கிளையிலும் தூக்கணாங்குருவிக் கூடுகளைக் காணலாம். கட்டுவது ஆண். கூடு முழுமையடையும் முன், தலைக்கவசம் போன்ற பாதி நிலையில் நிறுத்திவிட்டுச் சிறகடித்துப் பெண்களை அழைக்கும். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்ப்பாள். பிடித்தால் தங்குவாள், அதன் பிறகுதான் முட்டை அறையும் நீண்ட நுழைவுக் குழாயும் முடிக்கப்படும். பிடிக்காமல் கைவிடப்பட்ட பாதிக் கூடுகள் அதே மரத்தில் தொங்குவதைப் பார்க்கலாம். பெண் குடியேறியதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்தவளை அழைக்கும்.

பார்த்தவுடன் இது முழுக்கப் பாலினத் தேர்வு என்று தோன்றும். ஆனால் இந்தியாவில் நடந்த ஆய்வுகளில், பின்னலின் நேர்த்தியை விடக் கூடு இருக்கும் இடமே பெண்ணின் முடிவில் பெரிய பங்கு வகித்தது தெரியவந்தது. பாம்பு ஏற முடியாத, காற்றில் அறுந்து விழாத இடத்தைத் தேர்பவளின் குஞ்சுகள் பிழைக்கின்றன. தேர்ந்தெடுப்பவர் பெண், அவளது தேர்வுக்கே அளவுகோல் தந்தது பாம்பும் காற்றும். குறிப்பேட்டில் இரண்டையும் எழுதுங்கள்.

ஆறாம் படி: விலை என்ன, அதை வசூலிப்பவர் யார்?

துணையை ஈர்க்கும் ஒவ்வொரு பண்புக்கும் யாரோ விலை வசூலிக்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் காவாய் தீவின் வயல்வெளிச் சுவர்க்கோழிப் பூச்சிகள் இதற்குத் தெளிவான சான்று. ஆண் சிறகைத் தேய்த்துப் பாடிப் பெண்ணை அழைக்கும். அதே பாட்டைக் கேட்டு ஒட்டுண்ணி ஈ ஒன்று வந்து அதன்மேல் புழுக்களை விடும். புழுக்கள் உள்ளே புகுந்து தின்னும். 2006-இல் மார்லீன் சுக்கும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வின்படி, 20 தலைமுறைகளுக்குள் அங்கே பெரும்பாலான ஆண்கள் சிறகின் அமைப்பு மாறி ஊமையாகிவிட்டன. இவை இன்னும் பாடும் சில ஆண்களின் அருகே பதுங்கி நின்று, பாட்டுக்கு வரும் பெண்ணைச் சேர்கின்றன. பாட வைத்தது பெண்ணின் தேர்வு, வாயடைத்தது ஈ.

எந்த விலங்கைப் பார்த்தாலும் இந்தக் கணக்கை எழுதிப் பாருங்கள். அந்தப் பண்புக்குச் செலவாகும் உணவு, நேரம், இரைகொல்லியின் கவனம் ஆகியவை ஒரு பக்கம். அதனால் கிடைக்கும் துணை மறுபக்கம்.

ஏழாம் படி: பிள்ளை வளர்ப்பவர் யார் என்று கேளுங்கள்

ஆண் ஏன் போட்டியிடுகிறது, பெண் ஏன் தேர்ந்தெடுக்கிறாள்? ராபர்ட் டிரைவர்ஸ் 1972-இல் தந்த விளக்கம் இன்றும் களத்தில் நன்றாக உதவுகிறது. சந்ததிக்காக அதிகம் செலவிடும் பால், துணையைத் தேர்வதில் அதிகக் கவனம் காட்டும். குறைவாகச் செலவிடும் பால் போட்டியிடும். ஆண், பெண் என்ற பெயர் இங்கே முக்கியமில்லை.

ஊசுட்டேரியில் நீளவால் இலைக்கோழியைக் கண்டால் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மிதக்கும் இலைகள்மேல் நடக்கும் இந்தப் பறவையில் பெண் ஆணை விடப் பெரியவள். ஓர் ஆணுக்கு முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடுவாள். அடைகாப்பதும் குஞ்சுகளை மேய்ப்பதும் ஆண். இன்னொரு பாடமும் இதில் உண்டு: இனப்பெருக்கக் காலத்து நீண்ட வால் இரு பாலுக்கும் வரும். இரண்டாம் படியில் சொன்ன விதி முதல் சந்தேகத்துக்கு மட்டுமே. தீர்ப்புக்கு அது போதாது. நெல்வயல் ஓரச் சேற்றில் திரியும் மயில் உள்ளானில் பெண்ணுக்கே எடுப்பான நிறம்; மங்கிய நிறத்தோடு அடைகாப்பது ஆண்.

எட்டாம் படி: இணைந்த பிறகும் போட்டி தொடர்கிறது

இதை அறியாதவர்கள் பாதிக் கதையைத் தவறவிடுவார்கள். குளத்தோரம் ஆண் ஊசித்தட்டான் பெண்ணின் கழுத்துப் பகுதியை வால்நுனியால் பற்றியபடியே பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெண் முட்டையிடும்போதுகூடப் பல இனங்களில் ஆண் விடுவதில்லை. காரணம், பெண்ணின் உடலில் முந்தைய ஆணின் விந்தணுக்கள் சேமிப்பில் இருக்கலாம். ஊசித்தட்டான் இனம் ஒன்றில், தன் விந்தணுவைச் செலுத்தும் முன் எதிராளியுடையதை ஆண் சுரண்டி அகற்றுகிறது என்று ஜோனதன் வாகே 1979-இல் காட்டினார். அடுத்து வருபவன் தனக்கும் அதையே செய்வான் என்பதால்தான் காவல். விந்தணுக்களுக்கு இடையிலான இந்தப் போட்டியை முதலில் 1970-இல் முறையாக விளக்கியவர் ஜெஃப் பார்க்கர்.

ஒன்பதாம் படி: ஊகத்தைச் சோதனையாக மாற்றுங்கள்

அழகாக இருக்கிறது, ஆகவே பெண்ணுக்குப் பிடிக்கும் என்பது ஊகம். அதைச் சோதனையாக்குவது எப்படி என்பதை மால்டே ஆண்டர்சன் 1982-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கற்றுக்கொள்ளலாம். கென்யாவின் புல்வெளியில் வாழும் விடோபேர்ட், தூக்கணாங்குருவியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆணின் கரிய வால் அரை மீட்டர் நீளும். அவர் சில ஆண்களின் வாலைக் கத்தரித்துச் சுமார் 14 சென்டிமீட்டராக்கினார். வெட்டிய துண்டுகளை வேறு சிலவற்றில் ஒட்டி வாலை மேலும் நீட்டினார். இன்னொரு குழுவுக்கு வெட்டி அதே நீளத்தில் ஒட்டினார். கத்தரியும் பசையும் விளைவைக் கெடுக்கவில்லை என்று உறுதி செய்ய அது தேவை. பிறகு ஒவ்வோர் ஆணின் எல்லைக்குள்ளும் புதிதாக எழுந்த கூடுகளை எண்ணினார். நீட்டிய வாலுக்கே அதிகக் கூடுகள். வால் குறுகிய ஆண்களும் தங்கள் எல்லையை இழக்கவில்லை என்பது இதைவிட முக்கியம். எதிராளிக்கு வால் பொருட்டில்லை, பெண்ணுக்குத்தான் பொருட்டு. தேர்ந்தெடுப்பவர் யார் என்ற கேள்விக்கு இவ்வளவு துல்லியமாக விடை தந்த ஆய்வுகள் குறைவு.

மயிலின் வழக்கு இன்னும் முடியவில்லை. இங்கிலாந்தில் மரியன் பெட்ரி, கண்புள்ளிகள் அதிகமுள்ள மயில்கள் அதிகப் பெண்களைச் சேர்வதை 1991-இல் காட்டினார். புள்ளிகளை நீக்கியபோது அந்த வெற்றி குறைந்தது. ஜப்பானில் 7 ஆண்டுகள் பார்த்த ஆய்வுக்குழு, அப்படி ஒரு தொடர்பே தென்படவில்லை என்று 2008-இல் எழுதியது. பெண் ஏன் விரும்புகிறாள் என்பதிலும் கருத்துகள் பல. பெண்ணின் விருப்பமும் ஆணின் பண்பும் ஒன்றையொன்று தூண்டித் தலைமுறைதோறும் மிகுந்துகொண்டே போகின்றன என்றார் ரொனால்ட் ஃபிஷர். சுமையைத் தாங்கக்கூடியவனே தரமானவன் என்றார் அமோட்ஸ் ஸஹாவி, 1975-இல். ஒட்டுண்ணியை எதிர்க்கும் திறனைப் பளபளப்பு காட்டுகிறது என்றார்கள் ஹாமில்டனும் சுக்கும், 1982-இல். எல்லா இனத்துக்கும் ஒரே விடை என்று நான் நம்பவில்லை.

வீட்டில் தொடங்க விரும்பினால் கப்பி மீன் போதும். கொசுப்புழுவைத் தின்பதற்காகத் தொட்டிகளிலும் சாக்கடைகளிலும் விடப்படும் அதே மீன். 1980-இல் ஜான் எண்ட்லர் செய்த சோதனையில், இரைகொல்லி மீன் உள்ள குளங்களில் ஆண் கப்பிகளின் புள்ளிகள் சில தலைமுறைகளில் குறைந்தன. ஆபத்தில்லாத குளங்களில் கூடின. கண்ணாடித் தொட்டியில் இரண்டு ஆண்களையும் ஒரு பெண்ணையும் வைத்து, ஆண் உடலை வளைத்து நடுங்கிக் காட்டும் ஒவ்வொரு முறையும் பெண் நெருங்குகிறாளா, விலகுகிறாளா என்று நேரத்தோடு எழுதுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து மறுபடி எழுதுங்கள். மீன் கடையில் விற்கும் அகன்ற வாலுள்ள வகைகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றைத் தேர்ந்தெடுத்தவர் மனிதர், ஆகவே உங்கள் கேள்விக்கு அவை சாட்சியாகா. வாய்க்கால் மீனையே பிடித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் எந்தக் குளத்திலும் ஏரியிலும் விட்டுவிடாமல் தொட்டியிலேயே வளர்த்து வாருங்கள். கப்பி தென்னமெரிக்க மீன்; நம் நாட்டுச் சிறு மீன்களுக்கு அது போட்டியாகும்.